மீனெண்ணெய் தடவிய கெப்பாசிட்டர்

எங்கள் ஏ.சி. மெக்கானிக் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பொடிசுகள் இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். பொடிசுகள் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது, ஒருவனுக்கு என்னைவிட முடி குறைவு. இப்போது வருகிற ஏ.சி.க்குள் எல்லாம் போர்டு மயம், கெப்பாசிட்டர் மாற்றுகிற வேலையே குறைந்துபோய்விட்டது, அந்தக் காலத்தில் நீங்கள் எப்படி வேலை பார்த்தீர்கள் என்று எழுதுங்கள் என்றார்கள். "உங்களுக்குப் பெருமையா இருக்கிற கேஸ் ஒண்ணு எழுதுங்கண்ணே" என்றான் முடி குறைந்தவன்.

போன வருஷத்து மலரைப் புரட்டிப் பார்த்தேன். எழுதிய அத்தனை பேரும், வேறு யாராலும் கண்டுபிடிக்க முடியாத கோளாறை ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்தவர்கள். வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டாராம். நானும் அப்படி நாலைந்து கும்பிடு வாங்கியவன்தான். ஆனால் முப்பத்தாறு வருஷ வேலையில், சும்மா உட்கார்ந்திருக்கும்போது என் மனசு தானாகப் போய் நிற்கிற கேஸ் ஒன்றே ஒன்று. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை, வெட்கம்தான் இருக்கிறது. அதையே எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

எனக்குச் சொந்த ஊர் பசியாவரம். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற தீவு. படகில் ஏறித்தான் பழவேற்காட்டுக்கு வரவேண்டும், அங்கிருந்து பஸ் பிடித்துப் பொன்னேரி, அப்புறம் மெட்ராஸ். என் நைனா, அதாவது அப்பா, ஏரியிலும் கடலிலும் வலை போட்டவர். அண்ணன் அவரோடு போனான், எனக்கு வாந்தி வந்தது. படகில் வாந்தி எடுக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று என்னைப் படிக்கப் போட்டார்கள். ஐ.டி.ஐ. முடித்து, எழுபதுகளின் நடுவில் மெட்ராஸில் ஏ.சி. விற்றுப் பழுதும் பார்க்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அதற்குள் நடந்ததெல்லாம் எல்லாருக்கும் நடந்ததுதான்.

சேர்ந்த முதல் மாதமே ஒரு பாடம் கிடைத்தது, அது தொழில் பாடம் இல்லை. மத்தியானம் டப்பாவைத் திறந்தேன், உள்ளே மடவை மீன் குழம்பு. பக்கத்தில் இருந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வந்துட்டார்யா மீன்காரரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனேன். ஊருக்குப் போய்த் திரும்பினால் சட்டையை இரண்டு தடவை சோப்புப் போட்டுத் துவைப்பேன். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

எங்களுக்கு சூப்பர்வைசர் வரதன் சார். ஒல்லியான மனுஷர், வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் மடித்த கைக்குட்டை. திட்டமாட்டார். தப்புச் செய்தால் ஒரு கேள்வி கேட்பார், பிறகு பதில் வரும் வரைக்கும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதற்குத் திட்டே தேவலை என்று இருக்கும். எரிந்துபோன சாமானை முதலில் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். மோட்டார் வயர் எரிந்த வாசனை வேறு, ரப்பர் எரிந்த வாசனை வேறு. மீட்டர் வைப்பதற்கு முன்பே பாதி சொல்லிவிடுவார்.

கெப்பாசிட்டர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நின்றுபோன பஸ்ஸை நாலு பேர் பின்னாலிருந்து தள்ளிவிட்டால்தான் கிளம்பும் இல்லையா, ஏ.சி.க்குள் இருக்கிற கம்ப்ரஸருக்கு அப்படித் தள்ளிவிடுகிற சாமான் அது. டம்ளர் அளவுக்கு ஒரு அலுமினிய டப்பா, தலையில் வயர் சொருகுகிற முனைகள். அது செத்துவிட்டால் ஃபேன் மட்டும் ஓடும். கம்ப்ரஸர் கிளம்பப் பார்க்கும், 'ம்ம்ம்' என்று முனகும், 'டக்' என்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முனகும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் அந்த டப்பாவுக்குள் கரண்ட் தங்கியிருக்கும். அவசரக்காரர்கள் ஸ்க்ரூடிரைவரை இரண்டு முனையிலும் வைத்துப் பட்டென்று பொறி பறக்க இறக்குவார்கள். வரதன் சார் அப்படிச் செய்ய விடமாட்டார். ஹோல்டரில் மாட்டிய நூறு வாட் பல்பு ஒன்றைத் துணியில் சுற்றி பையில் வைத்திருப்பார். அதன் இரண்டு வயரையும் முனைகளில் வைத்தால் பல்பு ஒரு கணம் மினுக்கி அணையும். மூன்று தடவை வைக்கவேண்டும். அதற்கப்புறம்தான் கை. பிறகு வயர் ஒவ்வொன்றிலும் நூல் கட்டி அடையாளம், பழைய டப்பாவில் எழுதியிருக்கிற அளவும் புது டப்பாவில் எழுதியிருக்கிற அளவும் ஒன்றுதானா என்று வாய்விட்டுப் படிப்பது, மீட்டர் முள் எகிறி மெதுவாக இறங்குகிறதா என்று பார்ப்பது. கடைசியாக ஒன்று. கடலோரத்து வீடாக இருந்தால் முனைகளில் வாசலின் தடவவேண்டும், உப்புக்காற்று அரிக்காமல் இருக்க. "நான் கொடுக்கிற டப்பாவிலிருந்து மட்டும்தான் தடவணும்" என்பார். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று நான் யோசித்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி மாதம், பழவேற்காட்டிலிருந்தே ஒரு கம்ப்ளைன்ட் வந்தது. அந்தக் காலத்தில் பழவேற்காட்டில் ஒரு வீட்டில் ஏ.சி. இருந்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். பழைய வியாபாரக் குடும்பம். பெரிய பாய் என்றுதான் ஊரே சொல்லும். அவருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. படுத்தபடியே இருந்ததில் முதுகில் புண். வியர்த்தால் புண் இன்னும் மோசமாகிறது என்று டாக்டர் சொன்னதால், துபாயில் இருந்த மகன் பணம் அனுப்பி, எங்கள் கம்பெனியில் ஜன்னல் ஏ.சி. ஒன்று வாங்கி மாட்டியிருந்தார்கள். "உங்க ஊர் பக்கம்தானே, நீயே போய்ட்டு வா" என்றார் வரதன் சார்.

கதவைத் திறந்தது கன்னியம்மா அக்கா. எங்கள் தீவுதான், அண்ணன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. புருஷன் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தினம் காலையில் முதல் படகில் வந்து அந்த வீட்டில் வேலை செய்துவிட்டு சாயங்காலம் போவாள். பாத்திரம், துணி, மீன் கழுவுவது மட்டும் இல்லை. பெரிய பாயைத் திருப்பிப் படுக்கவைப்பது, துடைத்துவிடுவது, புண்ணுக்கு மருந்து வைப்பது எல்லாமே அவள்தான். அந்த வீட்டு அம்மாவை நாங்கள் பாயம்மா என்போம். அவருக்கு மூட்டுவலி, குனிய முடியாது.

"வா தம்பி, நீதான் வருவேனு நெனச்சேன்" என்று அக்கா சிரித்தாள். "மெஷினு முக்கிகினே கீது, குளிர மாட்டேங்குது."

பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கெப்பாசிட்டர்தான். தலை உப்பி எண்ணெய் கசிந்திருந்தது. பல்பு வைத்தேன், அடையாளம் கட்டினேன், வாய்விட்டுப் படித்தேன். புதுசை மாட்டினேன். முனைகளில் எல்லாம் உப்புப் பூத்திருந்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வாசலினுக்குப் பையைத் துழாவினால் டப்பா இல்லை. மெட்ராஸிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

பழவேற்காட்டில் கடை இல்லாமல் இல்லை, மருந்துக்கடையில் கேட்டால் கொடுத்திருப்பார்கள். எனக்கு வேறு யோசனை வந்தது. படகுத்துறைக்குப் போனேன். அண்ணன் படகைக் கரையேற்றிக் கவிழ்த்து மீனெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். சுறா ஈரலைக் காய்ச்சி எடுக்கிற எண்ணெய். அதைத் தடவினால் மரத்துக்குள் உப்புத்தண்ணீர் ஏறாது, ஆணி துருப்பிடிக்காது. எங்கள் ஆட்கள் பாட்டன் காலத்திலிருந்து நங்கூரத்துக்கும் பூட்டுக்கும் அதைத்தான் தடவுகிறார்கள். ஒரு மருந்து பாட்டிலில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வந்தேன். எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி மெட்ராஸ்காரர்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு திமிர். கம்பெனியில் இத்தனை வருஷம் மறைத்துக்கொண்டே திரிந்தவனுக்கு அன்றைக்கு மட்டும் என் ஊர்க்காரனாக இருப்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது. முனைகளுக்குத் தடவினேன், வயருக்குத் தடவினேன், ஸ்க்ரூவுக்கெல்லாம் தாராளமாகத் தடவினேன்.

அக்கா டீ கொண்டுவந்தவள் மூக்கை உறிஞ்சினாள். "இன்னா தம்பி, படகுக்குத் தடவறத மெஷினுக்குத் தடவுற?"

"அக்கா, யாருகிட்டயும் சொல்லாத. எங்க சாருக்குத் தெரிஞ்சா வேலய வுட்டுத் தூக்கிடுவாரு" என்றேன்.

"நான் எதுக்கு சொல்லப் போறேன்? சொல்லமாட்டேன் போ" என்றாள்.

ஏ.சி. ஜம்மென்று ஓடியது. அறையில் தைலமும் மருந்தும் சேர்ந்த வாசனை எப்போதும் இருந்ததால் வேறு யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பாயம்மா எனக்குப் பலகாரம் கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

சித்திரை கடைசியில், கத்திரி வெயில் கொளுத்தும்போது மறுபடி கம்ப்ளைன்ட். இந்த முறை மெஷின் சுத்தமாக நின்றுவிட்டது, கருகல் வாசனை வந்தது என்றார்கள். மூன்று மாதத்துக்குள் இரண்டாவது தடவை என்பதால் வரதன் சாரே கூட வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவருக்குத் தலைசுற்றல். கூடத்தில் உட்காரவைத்து பாயம்மா அவருக்கு எலுமிச்சை ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் முன்பக்கத்து மூடியைக் கழற்றினேன்.

எலிப் புழுக்கை. கெப்பாசிட்டருக்குப் போகிற வயர் மூன்று இடத்தில் கடித்துக் குதறப்பட்டிருந்தது. செம்பு வெளியே தெரிந்தது. ஒரு வயர் அறுந்தே போயிருந்தது. தள்ளிவிட ஆள் இல்லாமல் கம்ப்ரஸர் முனகி முனகி, அந்த ஊர் லோ வோல்டேஜில் உள்ளேயே எரிந்திருக்கிறது. அந்த ஏ.சி.யில் எத்தனையோ வயர் இருக்கிறது. நான் எண்ணெய் தடவிய வயரை மட்டும்தான் எலி கடித்திருந்தது. ஏரிக்கரை எலிக்கு மீனெண்ணெய் வாசனை போதாதா, பின்பக்கம் சந்து வழியாக வந்து விருந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது. படகுக்குத் தடவினால் படகு வெட்டவெளியில் கிடக்கிறது, வெயிலில் காய்கிறது. நான் தடவியது மூடிவைத்த பெட்டிக்குள். மீனவன் வீட்டுப் பிள்ளையைத் தவிர வேறு எந்த மெக்கானிக்குக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது.

அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. கட்டிங் பிளேயரை எடுத்து, கடிபட்ட வயர்த் துண்டுகளை வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். புழுக்கையைக் கைக்குட்டையால் வழித்து எடுத்தேன். யோசித்துச் செய்ததில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். யோசித்துத்தான் செய்தேன்.

வரதன் சார் உள்ளே வந்தார். கட்டிலில் பெரிய பாய் வியர்த்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கன்னியம்மா அக்கா பக்கத்தில் நின்று பனைவிசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். சார் மெஷின் பக்கம் குனிந்தார், வழக்கம்போல மோந்தார். இரண்டு தடவை மோந்தார்.

"ஏழுமலை, இது என்னப்பா நாத்தம்?"

இந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் காதில் கேட்டது 'வந்துட்டார்யா மீன்காரரு' என்கிற பழைய சிரிப்பு.

"ஏரிக்கரை வீடு சார். இங்க எல்லாத்துலயும் மீன் வாசனைதான் அடிக்கும்" என்றேன்.

வாசற்படியில் நின்ற பாயம்மாவுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. "எங்க வூட்டு ரூமுக்குள்ள ஏதுப்பா மீன் வாசன?" என்று நடந்துவந்து அவரும் குனிந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. "யா அல்லா, மீன் கழுவுன தண்ணி! ஏ கன்னியம்மா, பின்னாடி உக்காந்து மீன் கழுவிட்டு ஜன்னல் மேலயே ஊத்துறியா? அதானே பாத்தேன், காலைல காலைல அங்க குண்டானும் கையுமா நிக்கிறியேனு."

அக்கா விசிறியை நிறுத்தவில்லை. "நான் ஊத்தல பாயம்மா. கம்பியில உப்புப் பூக்குதுனு ஈரத்துணி போட்டுத் தொடைக்கிறேன், அவ்ளோதான். மீன் தண்ணிய சாக்கடையிலதான் ஊத்தறேன்."

"அப்ப இந்த நாத்தம் எங்கேருந்து வந்துச்சி? நானா ஊத்துனேன்?"

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாக, ஒரு பாத்திரத்தை நீட்டிவிட்டு வாங்கிக்கொள்வான் என்று காத்திருக்கிற மாதிரி பார்த்தாள்.

வரதன் சார் நிமிர்ந்து என் பக்கம் திரும்பினார். "நீதான் மூடியக் கழட்டுன. சொல்லு. தண்ணி உள்ள போயிருக்கா?"

கேட்டுவிட்டு, வழக்கம்போல என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய பாய் கட்டிலிலிருந்து ஏதோ குழறினார். "கன்னி... கன்னி..." என்பது மட்டும் புரிந்தது. பாயம்மா, "நீங்க சும்மா இருங்க, அவளுக்கு எடங் குடுத்ததே நீங்கதான்" என்றார்.

"போயிருக்கு சார்" என்றேன்.

கம்ப்ரஸர் மாற்ற மூன்று வாரம் ஆகும் என்று சார் சொன்னார். கத்திரியில் மூன்று வாரம். பாயம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரைக் கெட்டவர் என்று நான் எழுதமாட்டேன். புண்ணோடு படுத்திருக்கிற புருஷனை மூன்று வாரம் வெக்கையில் போடவேண்டும் என்றதும் யாராயிருந்தாலும் நிதானம் போய்விடும். "நீ நாளையிலேருந்து வரவேணாம் கன்னியம்மா" என்றார். பிறகு, "இப்பவே போ, என் கண்ணு முன்னாடி நிக்காத" என்றார்.

அக்கா விசிறியைக் கட்டிலில் வைத்தாள். ஆணியில் மாட்டியிருந்த தன் பையை எடுத்தாள். வாசற்படி தாண்டுமுன் திரும்பி, "மத்தியானம் அவர இடது பக்கமாத் திருப்பிப் போடணும் பாயம்மா. அந்தப் பக்கம்தான் புண்ணு ஆறிகினு வருது" என்றாள். நான் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஸ்க்ரூவைத் தேடுகிற மாதிரி இருந்தேன்.

சார் ரிப்போர்ட் எழுதினார்: வெளியிலிருந்து தண்ணீர் புகுந்ததால் பழுது, வேலையில் குறையில்லை. அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எப்போதும் கோணலாக இருக்கும். அன்றைக்கு அழகாக வந்தது, எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மறு வாரம் என் மேஜை மேல் புது வாசலின் டப்பா ஒன்று இருந்தது. அவர்தான் வைத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த மனுஷருக்கு மீன் தண்ணீர் வாசனைக்கும் எண்ணெய் வாசனைக்கும் வித்தியாசம் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் ரிப்போர்ட் எழுதினாரா, எழுதிய பிறகு புரிந்துகொண்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. கேட்டால் நானும் சொல்லவேண்டி வரும். மூன்று வாரம் கழித்து கம்ப்ரஸர் மாற்ற வேறு ஆளை அனுப்பினார்.

அதற்கப்புறம் ஊருக்கே போகாமல் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐப்பசியில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன்கூட வந்தாயிற்று சித்தப்பன் வரவில்லை என்று ஆள் மேல் ஆள் அனுப்பினார்கள். போனேன். படகு தீவை நெருங்கும்போது ஆழமில்லாத இடத்தில் நாலைந்து பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று சேற்றில் கைவிட்டுத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இறால் போடுகிற பறிக்கூடையின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்ற ஒருத்தி நிமிர்ந்தாள். கன்னியம்மா அக்கா.

மறுநாள் காலை அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து விரல்களுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தாள். சிப்பி கிழித்து விரல் நுனியெல்லாம் கோடு கோடாக வெட்டு.

"அக்கா, அது எலி கடிச்சது. நான் தடவுன எண்ணெயாலதான்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "மீன் தண்ணிக்கும் மீனெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாதவளா நானு? மூடிய எடுத்தப்பவே வாசன வந்துச்சே."

"அப்புறம் ஏன்கா சொல்லல?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீதான சொல்லாதனு கேட்டுகினே? நானும் சரினு சொன்னேன். நீ சொல்லுவ, நீ சொல்லுவனு பாத்துகினே நின்னேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. "இன்னாத்துக்கு இப்ப அழுவற? என் ஒருத்தியோட போயிருந்தா பரவால்ல. பசியாவரத்துப் பொம்பளைங்க அழுக்குத் தண்ணிய எங்க வேணாலும் ஊத்துவாளுங்கனு அந்தத் தெருவுல பேச்சாயிடுச்சி. ரெண்டு மூணு வூட்ல வேல செஞ்சவளுங்களையும் நிறுத்திட்டாங்க. அவளுங்க என் மூஞ்சிலகூட முழிக்க மாட்டேங்கிறாளுங்க, என்னாலதான்னு."

"இன்னிக்கே போய் பாயம்மாகிட்ட சொல்லிடறேன்கா. இன்னிக்கே சொல்லிடறேன்."

"சொல்லு" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த படகிலேயே போனேன். பெரிய பாய் ஆனி மாதமே இறந்துவிட்டார் என்று படகுக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாயம்மா வெள்ளைப் புடவையில் கூடத்தில் உட்கார்ந்திருந்தார், பாதியாக இளைத்துப் போயிருந்தார். வா என்றார், உட்காரச் சொன்னார். "மெஷின் ரிப்பேர் ஒண்ணும் இல்லையே, யாரு வரச் சொன்னாங்க?" என்றார்.

"இல்லம்மா, ஊருக்கு வந்தேன், சும்மா சர்வீஸ் பாத்துட்டுப் போலாம்னு" என்றேன். முதல் வார்த்தையிலேயே தடுக்கிவிட்டேன்.

அந்த அறைக்குள் போய் மூடியைக் கழற்றினேன். வேறு ஆள் பார்த்த வேலை, சுத்தமாக இருந்தது. தூசியை ஊதிவிட்டு, இறுக்கமாக இருந்த ஸ்க்ரூவையே மறுபடி இறுக்கினேன். காலிக் கட்டிலைப் பார்க்காமல் சொல்லவேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நான் தொடங்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பாயம்மாவே தடியை ஊன்றிக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றார்.

"ஏழுமல, உன்ன ஒண்ணு கேக்கணும்பா. நீ அந்த ஊர்க்காரன், தொழிலும் தெரிஞ்சவன். அவரு மௌத்தாவறதுக்கு முன்னாடி கன்னியம்மா எங்கே, கன்னியம்மா எங்கேனு கேட்டுகினே இருந்தாரு. நான் அவள அநியாயமா அனுப்பிட்டேனோனு மனசு கெடந்து அடிச்சிக்குது. அன்னிக்கு நெசமாவே தண்ணிதானே பட்டுச்சி?"

இதைவிட ஒருவனுக்கு வழி திறந்துவிட முடியாது. இல்லை என்று தலையை ஆட்டினால் போதும். பாயம்மா என்னைத் திட்டியிருக்கமாட்டார், கம்பெனிக்கும் எழுதியிருக்கமாட்டார், அந்த நிமிஷமே ஆள் அனுப்பி அக்காவைக் கூப்பிட்டிருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் கண்ணில் எனக்காக இருந்த மரியாதை போய்விடும் என்பதும் தெரிந்தது. அவ்வளவு சின்னதுதான் நான் காப்பாற்றிக்கொள்ள நினைத்தது.

"ஆமாம்மா. தண்ணிதான்" என்றேன்.

"அப்ப சரி" என்று மூச்சு விட்டார். "நீ சொல்லிட்டல்ல, மனசு ஆறிச்சி." உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். ஏலக்காய் தட்டிப் போட்ட டீ. முழுவதையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அன்று தீவுக்குத் திரும்பவில்லை, நேராகப் பொன்னேரி பஸ் ஏறிவிட்டேன். கன்னியம்மா அக்கா கடைசிவரைக்கும் இறால்தான் பிடித்தாள். ஊர் விசேஷங்களில் பார்த்தால் "வா தம்பி" என்பாள், நான் பாயம்மாவிடம் சொன்னேனா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நான் சொல்லவில்லை என்பது, யாரும் அவளைக் கூப்பிட வராததிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது பாயம்மாவும் இல்லை, அக்காவும் இல்லை. அக்காவின் பெண்கள் இருவரும் பழவேற்காட்டில்தான் இருக்கிறார்கள். நேரில் போய்ச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். நேரில் போனால் சர்வீஸ் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறவன் நான். அதனால்தான் அச்சில் போடக் கொடுக்கிறேன், பிறகு மாற்றிச் சொல்ல முடியாது. மலர் வந்ததும் இரண்டு பிரதி அக்கா பெண்களின் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் தம்பிகளா.

பாயம்மா, அன்னிக்குத் தண்ணி படல. கன்னியம்மா ஊத்தல. எண்ணெய் தடவுனது நான்.